மெடிக்கல் கார்டு கையில் இருந்தும் காப்பு அறுந்துபோவது எப்படி? ஓய்வுபெற்றோருக்கு ஒரு விளக்கம்

2024ஆம் ஆண்டின் பிற்பாதியில் மலேசியாவில் மெடிக்கல் கார்டு (ஆஸ்பத்திரிச் செலவுக்கான காப்புறுதி) வைத்திருந்த பலருக்குக் காப்புறுதி நிறுவனங்களிடமிருந்து கடிதம் வந்தது. பிரிமியம் 40 முதல் 70 விழுக்காடு வரை ஏறப்போகிறது என்ற பேச்சும் கூடவே பரவியது. சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணத்தில் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தைச் சிக்கனமாகப் பிடித்துச் செலவு செய்பவர்களுக்கு அந்தக் கடிதம் இடி மாதிரி. சிலர் கோபத்தில் கார்டையே நிறுத்திவிட்டார்கள். சிலர் பிள்ளைகளிடம் கை நீட்டிக் கட்டினார்கள். எதற்காகக் கட்டுகிறோம், எது கிடைக்கும், எது கிடைக்காது என்பது இரு சாராருக்குமே தெளிவாக இல்லை.

ஓய்வுபெற்றவருக்குக் காப்பு அறுவது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் அல்ல. வேலை நிற்கும்போது, வயது ஒரு படி ஏறும்போது, பாலிசிக்குள் இருக்கும் பணம் தீரும்போது, ஞாபகம் மங்கும்போது அது வீட்டிலேயே அறுந்துவிடுகிறது. ஆஸ்பத்திரி கவுண்டரில் நமக்குத் தெரியவருகிறது, அவ்வளவுதான்.

தோட்டத்து டிரசர் இருந்த காலம்

தோட்டத்தில் மருத்துவம் வேலையோடு ஒட்டி வந்தது. காய்ச்சல் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரி, அங்கே மருந்து கொடுக்கும் டிரசர், பெரிய நோய் என்றால் தோட்டத்து லாரியோ வேனோ பட்டணத்துக்குக் கொண்டுபோகும். தொழிலாளிக்கும் அவரைச் சார்ந்து கூடத் தங்கியிருப்பவர்களுக்கும் தோட்ட நிர்வாகம் மருத்துவ வசதி தரவேண்டும் என்பதை 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்பு வசதிச் சட்டமும் (சட்டம் 446) சொல்கிறது.

ஆனால் அது தொழிலாளிக்கான உரிமை. வேலையை விட்டு, லயத்து வீட்டையும் ஒப்படைத்த நாளில் வீடு, டிரசர், வேன் மூன்றும் ஒன்றாகப் போய்விடுகின்றன. தொழிற்சாலையிலும் கம்பெனியிலும் வேலை செய்தவர்களுக்கும் இதே கதைதான். கம்பெனி தந்த மெடிக்கல் கார்டு குழுக் காப்புறுதி. கடைசி வேலைநாளோடு அது முடிகிறது. 'பையன் கம்பெனியில் கார்டு இருக்கிறது' என்று நிம்மதியாக இருக்கும் பெற்றோர் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலான கம்பெனிக் கார்டுகள் ஊழியர், மனைவி அல்லது கணவர், பிள்ளைகள் என்பதோடு நின்றுவிடும். அப்பா அம்மா அதில் இருக்க மாட்டார்கள்.

சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) இருக்கிறதே என்றால், அதன் இயலாமைப் பாதுகாப்பு 60 வயதோடு முடிகிறது. அதற்குப் பிறகும் வேலை செய்பவருக்கு வேலையிட விபத்துக் காப்பு மட்டும் தொடரும்.

கடிதத்தில் வரும் சொற்கள்

பிரிமியம் என்பது நாம் கட்டும் தொகை. காப்புறுதிக் கட்டணம் வேறு. அது நிறுவனம் நமது காப்புக்காக மாதாமாதம் பிடித்துக்கொள்ளும் தொகை. இந்த வேறுபாடு கீழே மிக முக்கியமாகப் போகிறது.

காத்திருப்புக் காலம் என்பது பாலிசி தொடங்கியும் காப்பு தொடங்காத நாட்கள். பொதுவாக நோய்களுக்கு 30 நாள். ரத்த அழுத்தம், நீரிழிவு, இதயநோய், கட்டி, சிறுநீரகக் கல், குடலிறக்கம், மூலம் போன்ற குறிப்பிட்ட நோய்களுக்கு 120 நாள். விபத்துக்குக் காத்திருப்பு இல்லை.

உத்தரவாதக் கடிதம் என்பதைத்தான் கவுண்டரில் 'ஜிஎல்' என்கிறார்கள். 'பில்லை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று காப்புறுதி நிறுவனம் தனியார் மருத்துவமனைக்கு அனுப்புவது அது. கார்டைக் காட்டிய மாத்திரத்தில் இது வந்துவிடாது. பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருந்த கார்டைப் பெரியவர் நீட்டுவார். கவுண்டரில் இருக்கும் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "ஐயா, ஜிஎல் இன்னும் வரல, டெபாசிட் கட்டுறீங்களா?" என்பார். கார்டு இருந்தும் பணம் எதற்கு என்று குடும்பமே திகைத்து நிற்கும் இடம் அதுதான். நிறுவனம் பழைய நோய் விவரங்களைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். ஜிஎல் தராமலும் போகலாம்.

கூட்டுக் கட்டணம் என்றால் பில்லில் ஒரு பங்கை நாமும் கட்டுவது. 2024 செப்டம்பர் 1 முதல் நிறுவனங்கள் இத்தகைய திட்டத்தையும் ஒரு தேர்வாக விற்க வேண்டும் என்பது மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் விதி. குறைந்தது 5 விழுக்காடு, அல்லது பில்லில் முதல் 500 வெள்ளியை நாமே கட்டும் கழிவு. பிரிமியம் குறைவாக இருக்கும் என்று இதற்கு மாறுகிறவர்கள் பில் தொகையை மனதில் வைத்துக் கணக்குப் போடவேண்டும். 30,000 வெள்ளி பில்லுக்கு 5 விழுக்காடு என்றால் 1,500 வெள்ளி. அந்தப் பணம் கையில் இருக்கிறதா? உச்சவரம்பு உண்டா என்பதையும் திட்டத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காப்பு அறுகிற இடங்கள்

1. பாலிசிக்குள் இருக்கும் பணம் தீர்ந்துபோவது. பலர் வைத்திருக்கும் கார்டு தனிக் கார்டு அல்ல. ஆயுள் காப்புறுதியும் முதலீடும் சேர்ந்த பாலிசியில் ஒட்டப்பட்ட ஒரு பகுதி. இதில் நாம் கட்டும் பிரிமியம் பல ஆண்டுகள் ஒரே தொகையாக இருக்கும். அதனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைப்போம். உள்ளே நடப்பது வேறு. வயது ஏற ஏறக் காப்புறுதிக் கட்டணம் ஏறும். நாம் கட்டுவது போதவில்லை என்றால் முதலீட்டு யூனிட்டுகளை விற்று அந்தக் குறையை நிரப்புவார்கள்.

ஒரு கணக்குப் பார்ப்போம். இது உதாரணம்தான். மாதம் 250 வெள்ளி கட்டுகிறீர்கள். கட்டணம் 310 வெள்ளி. குறை 60 வெள்ளி. உள்ளே 4,000 வெள்ளி இருந்தால் ஏறக்குறைய ஐந்தரை ஆண்டு தாங்கும். அடுத்த வயதுப் படியில் கட்டணம் 450 ஆகிறது என்று வையுங்கள். குறை 200. அதே 4,000 வெள்ளி 20 மாதத்தில் காலி. காலியானதும் பாலிசி செத்துவிடும். ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டியவருக்கும் இது நடக்கும். அப்படி நடக்கும்போது அவருக்கு 68, 70 வயது இருக்கும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருக்கும். புதிய கார்டு கிடைப்பது கல்லில் நார் உரிப்பது போல.

ஆண்டுதோறும் வரும் அறிக்கையைப் பிரிக்காமல் டின்னுக்குள் போட்டு வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் அதிகம். அதில் இரண்டே வரிகளைத் தேடினால் போதும். முதலீட்டின் இன்றைய மதிப்பு எவ்வளவு, பாலிசி எந்த வயது வரை தாங்கும். இரண்டாவது வரி இல்லையென்றால் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். ஏஜெண்டு வாயால் சொல்வது போதாது.

2. பழையதை நிறுத்திவிட்டுப் புதியதை எடுப்பது. 'இதைவிட மலிவாக ஒன்று இருக்கிறது' என்று யாராவது சொன்னால், காத்திருப்புக் காலம் மறுபடியும் முதலிலிருந்து ஓடும் என்பதை நினைவில் வையுங்கள். பழைய கார்டு காலத்தில் வந்த நோய், புதிய கார்டுக்கு 'முன்பே இருந்த நோய்' ஆகிவிடும். புதிய பாலிசி கையில் வந்து, எந்த நோயை விலக்கியிருக்கிறார்கள் என்று படித்து, 120 நாளும் கடக்கும் வரை பழையதை நிறுத்தக் கூடாது. ஒரே நிறுவனத்துக்குள் சிறிய திட்டத்துக்கு மாறுவதாக இருந்தால், காத்திருப்பு இல்லாமல் மாற்றித் தருவார்களா என்று முதலில் கேட்க வேண்டும்.

3. படிவத்தில் மறைத்தது. 'சர்க்கரை இருக்கிறது என்று எழுதாதீங்க அண்ணே' என்று சொல்லும் ஏஜெண்டு நமக்கு நல்லது செய்யவில்லை. 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டப்படி, கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு உண்மையைச் சொல்வது நமது கடமை. அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் மாத்திரை வாங்கிய ஒவ்வொரு நாளும் பதிவில் இருக்கிறது. ஜிஎல் கேட்கும் அன்று அது வெளியே வரும்.

4. கார்டு தொடவே தொடாத செலவுகள். மாதாமாதம் வாங்கும் பிரஷர் மாத்திரை, மூக்குக் கண்ணாடி, சக்கர நாற்காலி, பெரியவர்களுக்கான டயப்பர், வீட்டில் பார்த்துக்கொள்ள வரும் ஆள். ஓய்வுபெற்றவர் குடும்பத்தை மெல்ல மெல்லக் கரைப்பவை இவைதான். வழக்கமான மெடிக்கல் கார்டு வார்டில் படுத்தால் வரும் செலவுக்கானது.

பிரிமியம் ஏன் ஏறுகிறது?

இரண்டு ஏற்றங்கள் உண்டு. ஒன்று வயதுப்படி ஏறுவது. பாலிசி எடுத்த அன்றே அட்டவணையில் இருந்தது அது. இன்னொன்று, எல்லோருக்கும் சேர்த்து விலையையே மாற்றி அமைப்பது. பேங்க் நெகாரா கொடுத்த கணக்குப்படி 2021 முதல் 2023 வரை மருத்துவக் கோரிக்கைகளின் செலவு மொத்தமாக 56 விழுக்காடு ஏறியது. பிரிமியம் ஏறியதோ 21 விழுக்காடு. அந்த இடைவெளியை நிரப்பத்தான் 2024இன் கடிதங்கள் வந்தன.

எதிர்ப்பு வலுத்ததும் 2024 டிசம்பர் 20ஆம் தேதி பேங்க் நெகாரா இடைக்கால ஏற்பாடுகளை அறிவித்தது. விலை மாற்றத்தைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்ப வேண்டும். 60 வயதைத் தாண்டி, தங்கள் திட்டத்தின் ஆகக் குறைந்த வகையில் இருப்பவர்களுக்கு ஓராண்டுக்கு ஏற்றம் நிறுத்தி வைக்கப்படும். அந்த ஆண்டு விலை ஏற்றத்தால் பாலிசியைக் கைவிட்டவர்கள், புதிய மருத்துவக் கேள்விகள் இல்லாமல் அதை மீட்க நிறுவனத்திடம் கேட்கலாம் என்றும் அந்த அறிவிப்பு சொன்னது.

இதில் 'ஓராண்டு' என்ற சொல்லைப் பலர் கவனிக்கவில்லை. ஏற்றம் நிறுத்தி வைக்கப்பட்டதே தவிர ரத்தாகவில்லை. பாலிசியின் ஆண்டு நாளிலிருந்து எண்ணி ஓராண்டு முடிந்ததும் கடிதம் மீண்டும் வரும். 'ஏமாற்றிவிட்டார்கள்' என்று அப்போது கிளம்பும் பேச்சுக்கு இதுதான் காரணம். அறிவிப்பே அப்படித்தான் இருந்தது. அதைத் தமிழில் பொறுமையாக எடுத்துச் சொல்ல ஆள் இல்லாததுதான் குறை.

அரசு மருத்துவமனை

கார்டு இல்லாதவர் அனாதை அல்ல. இதை அழுத்தமாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் கார்டு நின்றுவிட்டால் செத்தோம் என்ற பயத்தில் கடன் வாங்கிப் பிரிமியம் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். சுங்கை சிப்புட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கே முடியாததற்கு ஈப்போவில் உள்ள ராஜா பெர்மாய்சூரி பைனுன் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். 60 வயதைக் கடந்த குடிமக்களுக்கு வெளிநோயாளிப் பதிவுக் கட்டணமான 1 வெள்ளியும் இல்லை. மூன்றாம் வகுப்பு வார்டு நாளுக்கு 3 வெள்ளி. அரசு ஓய்வூதியம் வாங்கும் ஆசிரியர், ரயில்வே ஊழியர், பொதுப்பணித் துறை ஊழியர் ஆகியோருக்கும் அவர்கள் துணைவருக்கும் தனிச் சலுகையே உண்டு. ஓய்வூதிய அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போய்ப் பணம் கட்டிவிட்டு வரக்கூடாது.

இங்கேயும் ஓட்டை உண்டு. காத்திருப்பு நீளம். மூட்டு மாற்றும் உறுப்பு, இதயக் குழாய்க்கு வைக்கும் ஸ்டென்ட், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் போன்ற சாதனங்களை நோயாளியே வாங்கவேண்டி வரலாம். ஆபரேஷன் இலவசம் மாதிரி, சாதனம் ஆயிரக்கணக்கில்.

அந்த ஓட்டையை அடைக்கத்தான் 2019இல் தொடங்கிய அரசு உதவித் திட்டமான 'பெக்கா பி40' இருக்கிறது. எஸ்டிஆர் (குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசு தரும் ரொக்க உதவி) பெறும் 40 வயதைக் கடந்தவர், அவருடைய துணைவர் இருவருக்கும் பொருந்தும். இலவச உடல் பரிசோதனை உண்டு. மருத்துவச் சாதனங்களுக்கு வாழ்நாளில் 20,000 வெள்ளி வரை உதவி கிடைக்கும். புற்றுநோய் சிகிச்சையை முடிப்பவருக்கு 1,000 வெள்ளி, தீபகற்பத்தில் போக்குவரத்துக்கு 500 வெள்ளி.

நம் ஆட்கள் தவறவிடும் இடம் இதற்கு ஒரு படி முன்னால் இருக்கிறது. பெக்காவின் கதவு எஸ்டிஆர். கணவரை இழந்த அம்மா மகன் வீட்டில் இருக்கிறார், 'மகன்தான் பார்த்துக்கொள்கிறானே' என்று எஸ்டிஆருக்கு மனு போடவில்லை. ஸ்டென்ட் தேவைப்படும் நாளில் பெயர் பட்டியலில் இல்லை. துணையில்லாத 60 வயதைக் கடந்தவருக்கு எஸ்டிஆரில் தனிப்பிரிவே இருக்கிறது. அந்த உதவித்தொகை சிறியதாகத் தோன்றலாம். அதன் பின்னால் 20,000 வெள்ளியின் கதவு இருக்கிறது.

பெக்காவும் இல்லை, பணமும் இல்லை என்றால், வார்டில் இருக்கும்போதே மருத்துவமனையின் சமூகநலப் பிரிவைப் பார்க்கக் கேளுங்கள். சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு மனு போகும் வழி அதுதான். சாதனத்தைக் கடன் வாங்கி வாங்கிவிட்டு அப்புறம் போய்க் கேட்டால் கஷ்டம்.

இப்போதே எழுதி வைக்கவேண்டிய காகிதங்கள்

மருத்துவச் செலவுக்குப் பணம் இருந்தும் எடுக்க முடியாமல் தவிக்கும் குடும்பங்கள் உண்டு. அப்பா படுக்கையில், பேங்குப் புத்தகம் அப்பா பெயரில், கையெழுத்துப் போட அவரால் முடியாது.

1. அதிகாரப் பத்திரம். நமக்காக வேறொருவர் கையெழுத்திட அனுமதிப்பது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் முறையாகச் சான்றளித்து, நகலை உயர்நீதிமன்றத்தில் பதியவேண்டும். ஆனால் இதை நம்பிமட்டும் இருந்துவிட முடியாது. கொடுத்தவருக்கு மனநிலை தவறிவிட்டால் சாதாரண அதிகாரப் பத்திரம் செல்லாது. அதாவது மறதிநோய் வரும்போது, எதற்காக எழுதினோமோ அப்போது அது உதவாது. பிறகு 2001ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி உயர்நீதிமன்றம் போகவேண்டும். அதற்கு வக்கீல், காலம், செலவு எல்லாம் வேண்டும். தெளிவாக இருக்கும்போதே நம்பிக்கையான ஒரு பிள்ளையோடு கூட்டுக் கணக்கு ஒன்றை வைத்து, சில மாத மருத்துவச் செலவுக்கான தொகையை மட்டும் அதில் போடுவது எளிய வழி. முழுச் சேமிப்பையும் அதில் போட வேண்டாம்.

2. நியமனதாரர். காப்புறுதியில் முஸ்லிம் அல்லாதவர் மனைவியையோ கணவரையோ பிள்ளையையோ நியமித்தால், அந்தப் பணம் அவர்களுக்கான அறக்கட்டளைப் பணமாகிறது. இறந்தவரின் கடன்காரர் தொட முடியாது. அண்ணன் தம்பியை நியமித்தால் அவர் பணத்தை வாங்கிப் பங்கிடும் பொறுப்பாளர் மட்டுமே. இபிஎஃப் நியமனம் தனியானது. உயிலில் எழுதினாலும் அது மாறாது. கல்யாணத்துக்கு முன் அம்மாவை நியமித்து, அம்மா காலமாகி, இன்னும் மாற்றாமல் இருப்பவர்கள் ஏராளம்.

3. திருமணப் பதிவு. தோட்டப்புறக் குடும்பங்களில் இதுதான் பெரிய புண். சிவில் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதி அமலுக்கு வந்தது. அதற்கு முன் வழக்கப்படி கோயிலில் தாலி கட்டிய திருமணம் சட்டப்படி பதிவானதாகவே கொள்ளப்படும். அந்தத் தேதிக்குப் பிறகு கோயிலோடு நிறுத்திக்கொண்டு பதியாமல் விட்டிருந்தால், கணவர் இறந்த பிறகு 'நான் மனைவி' என்று நிரூபிப்பது பெரும்பாடு. நாற்பது வருஷம் கூட வாழ்ந்து, ரப்பர் பால்வெட்டிப் பிள்ளைகளை வளர்த்த அம்மாவிடம் காகிதம் கேட்பார்கள். இருவரும் உயிரோடு இருக்கும்போதே பதிவு அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். அதுவரை மனைவியின் பெயரில் எழுதிய இபிஎஃப் நியமனமும் உயிலும் அவருக்குத் துணை நிற்கும்.

4. உயில். முஸ்லிம் அல்லாதவருக்கு 1959ஆம் ஆண்டின் உயில் சட்டம். இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் கூட இருந்து கையெழுத்திட வேண்டும். சொத்துப் பெறுபவரோ அவர் துணைவரோ சாட்சிக் கையெழுத்திட்டால் அவருக்கு எழுதியது போய்விடும். மருமகன் சாட்சி போட்டு மகளின் பங்கு போவது இப்படித்தான். உயில் இல்லாமல் இறந்தால், மனைவி, பிள்ளைகள், பெற்றோர் மூவரும் இருக்கும்போது பெற்றோருக்குக் கால், மனைவிக்குக் கால், பிள்ளைகளுக்கு அரை. பெற்றோர் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. வீடு முழுவதும் மனைவிக்கே வரும் என்ற நம்பிக்கை தவறு. நிலமோ வீடோ அடங்கிய சிறு சொத்து என்றால், வக்கீல் இல்லாமலே நில அலுவலகத்தின் வாரிசுச் சொத்துப் பிரிவில் மனு செய்யலாம். அதன் வரம்பு 2024 ஜூலையில் 20 லட்சத்திலிருந்து 50 லட்சம் வெள்ளியாக உயர்ந்தது.

பெயர் எழுத்து வேறுபாட்டையும் இப்போதே சரிபாருங்கள். ஐசியில் ஒரு மாதிரி, நிலப்பட்டாவில் ஒரு மாதிரி, பாலிசியில் இன்னொரு மாதிரி. சத்தியப் பிரமாண ஆணையர் முன் சம்பந்தப்பட்டவரே உட்கார்ந்து 'இந்த இரு பெயரும் நான்தான்' என்று கையெழுத்திட்டால் சிறிய வேலை. அவர் இறந்த பிறகு அதே வேலைக்கு மாதக்கணக்கில் அலையவேண்டும்.

கோரிக்கையை மறுத்துவிட்டால்

முதலில், மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். பாலிசியின் எந்த விதிப்படி மறுக்கிறார்கள் என்பது அதில் இருக்கவேண்டும். போனில் சொன்னது கணக்கில் வராது. பிறகு நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுதி இறுதி முடிவைக் கேளுங்கள். அதுவும் திருப்தி இல்லையென்றால் நிதிச் சந்தைக் குறைதீர் சேவையான 'எஃப்எம்ஓஎஸ்' இருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் இயங்குகிறது. 250,000 வெள்ளி வரையிலான காப்புறுதி வழக்குகளை விசாரிக்கும். இறுதி முடிவு வந்த ஆறு மாதத்துக்குள் போகவேண்டும். டாக்டரின் அறிக்கை, பில், மறுப்புக் கடிதம், பாலிசிப் புத்தகம் நான்கையும் நகல் எடுத்துக்கொண்டு, கடிதத்தில் இருக்கும் தேதியிலிருந்து ஆறு மாதத்தை நாட்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள்.